புலிச்சுறாவும் பேராமையும்: உவரிக் கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை ஊரான உவரிக்கு வருகிறவர்கள் பல விதம். சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமக்க வருகிறவர்கள், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்கள், வேனில் வந்து இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடலைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது சுறாவைப் பற்றி, அதற்கு அடுத்தபடியாக ஆமையைப் பற்றி. அதிலும் இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்பதில் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

சுறாவில் எத்தனையோ உண்டு, ஆமையிலும் உண்டு. இங்கே பேசுவது எதைப் பற்றி?

சுறாவில் புலிச்சுறா. ஆமையில் பேராமை, பச்சையாமை என்றும் சொல்வார்கள். பால்சுறா, கொம்பன்சுறா, புள்ளி போட்ட திமிங்கிலச்சுறா எல்லாம் வேறு வேறு. அதே மாதிரி சித்தாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று நம் கடலில் இன்னும் நான்கு ஆமைகள் உண்டு. இந்த இரண்டை மட்டும் எடுத்ததற்குக் காரணம், ஒன்று மற்றதைத் தின்னும். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ரெண்டும் நம்ம கடல்ல இருக்கா?

இருக்கின்றன. சூடான கடல் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் புலிச்சுறா உண்டு. மன்னார் வளைகுடாவும் அதில் அடக்கம். பேராமைக்குக் கடற்புல் வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் புல் மண்டிக் கிடப்பதால் மேய்ச்சலுக்கு அந்தப் பக்கம் வரும். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை என்று நம் மாவட்டக் கரையில் தை, மாசி, பங்குனியில் ஏறி முட்டையிடுவது பெரும்பாலும் சித்தாமைதான். பேராமை முட்டையிட குஜராத், லட்சத்தீவு, அந்தமான் பக்கம் போய்விடும்.

கரையில் கண்டால் சித்தாமையா பேராமையா என்று எப்படிச் சொல்வது?

ஓட்டின் நடுவரிசையை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துப் பெரிய தகடுகளை மட்டும் எண்ணுங்கள். நான்கு இருந்தால் பேராமையாக இருக்கலாம், ஆறும் அதற்கு மேலும் என்றால் சித்தாமை. நான்கு தகடு அழுங்காமைக்கும் உண்டு என்பதால் முகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்குக்கு மேலே ஒரே ஒரு ஜோடி செதில் இருந்தால் பேராமை. இரண்டு ஜோடி என்றால் அழுங்காமை. அழுங்காமைக்கு வாயும் கிளிமூக்காக வளைந்திருக்கும்.

எது பெரிது?

சுறா. வளர்ந்த புலிச்சுறா மூன்றேகால் மீட்டரிலிருந்து நாலேகால் மீட்டர் வரை இருக்கும், ஐந்தைத் தாண்டியதும் உண்டு. நன்றாக வளர்ந்தது 400 முதல் 600 கிலோ வரும். பேராமையின் ஓடு ஒரு மீட்டர், எடை 110 முதல் 190 கிலோ.

அண்ணாச்சி, ரெண்டும் மோதினா யாரு ஜெயிப்பா?

புலிச்சுறா ஆமையைத் தின்னும், ஆமை சுறாவைத் தின்னாது. அந்த மட்டில் பதில் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சுறாதான் ஜெயிக்கும் என்று நினைத்தால் தப்பு.

முதலில் சுறாவின் பல்லைப் பாருங்கள். பெரும்பாலான சுறாக்களுக்கு மேல்தாடைப் பல் ஒரு மாதிரி, கீழ்த்தாடைப் பல் வேறு மாதிரி. புலிச்சுறாவுக்கு இரண்டும் ஒரே மாதிரி. பல் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து, பனையேறியின் பாளை அரிவாளைச் சுருக்கி வைத்தது மாதிரி இருக்கும். வளைவுக்குக் கீழே ஆழமாக ஒரு வெட்டு. விளிம்பில் விரலை வைத்தால் அறுக்கும், ஏனென்றால் விளிம்பு முழுக்க ரம்பம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த ரம்பத்தின் ஒவ்வொரு முனையிலும் இன்னும் நுணுக்கமான ரம்பம் தெரியும். சதையைக் கிழிக்க இவ்வளவு தேவையில்லை. எலும்பையும் ஓட்டையும் அறுக்கும் பல் இது. கவ்விக்கொண்டு தலையை இருபுறமும் உலுப்பும். ஒவ்வொரு உலுப்புக்கும் ரம்பம் ஒரு இழுப்பு இழுக்கும். தேய்ந்தும் உடைந்தும் விழுகிற பல்லுக்குப் பின்னால் அடுத்த வரிசை தயாராக நிற்கும்.

இனி ஆமை. தோட்டத்து ஆமை மாதிரி தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள கடலாமைக்கு முடியாது. ஆகவே ஒளிவது என்ற பேச்சே இல்லை, தப்பித்தாக வேண்டும். நேர் ஓட்டத்தில் சுறாவிடம் தோற்கும். ஆனால் சட்டென்று திரும்புவதில் ஆமை கெட்டி. கடைசி நேரத்தில் திரும்பி, ஓட்டின் அகலமான பக்கத்தைச் சுறாவின் வாய்க்கு நேரே காட்டும். அகலமான ஓட்டைக் கவ்வச் சுறாவின் வாய்க்கு எட்டாது. ஓட்டின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு போனதும், ஒரு துடுப்பு பாதியாகிப் போனதுமாகப் பல ஆண்டு உயிரோடு திரியும் ஆமைகளை உலகமெங்கும் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ரெய்ன் தீவு என்று ஒரு சின்னத் தீவு. பேராமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட ஏறும் இடம். அந்தப் பருவத்தில் புலிச்சுறாக்கள் அங்கே கூடும். ஆனால் பாதிக்கு மேல் தின்பது செத்து மிதக்கிற ஆமையையும் முட்டையிட்டுக் களைத்துப்போன ஆமையையும்தான். தெம்பாக இருக்கிற ஆமையைத் துரத்தி வீணாக மூச்சு வாங்குவானேன் என்று சுறாவுக்கும் தெரிகிறது.

ஆமைக்குப் பல் உண்டா?

கிடையாது. ஆனால் பேராமையின் கீழ்த்தாடை விளிம்பைத் தடவினால் அதுவும் ரம்பம். புல் அறுக்க! ஐந்து ஆமைகளில் இது ஒன்றுதான் வளர்ந்த பிறகு முக்கியமாகப் புல்லும் பாசியும் தின்று வாழ்வது. குஞ்சாக இருக்கும்போது சொறிமீன், சின்னப் பூச்சி என்று கிடைத்ததைத் தின்னும்.

புலிச்சுறாவுக்கு அந்த ஒழுங்கெல்லாம் இல்லை. மீன், திருக்கை, கடற்பறவை, கடற்பாம்பு, செத்த திமிங்கிலம், இன்னொரு சுறா எல்லாம் சரிதான். வயிற்றை அறுத்துப் பார்த்தால் டயர், நம்பர் பிளேட், தகர டப்பா கிடந்த கதைகள் உண்மையானவை.

எது அதிக நேரம் தண்ணீருக்கடியில் இருக்கும்?

சுறா மீன், செவுளால் மூச்சுவிடும், மேலே வரவே தேவையில்லை. ஆமைக்கு நுரையீரல், காற்று வேண்டும். மேயும்போது சில நிமிடத்துக்கு ஒரு தடவை தலையை நீட்டும். அசையாமல் தூங்கினால் மணிக்கணக்கில் அடியிலேயே கிடக்கும்.

வலையில் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே கதி. ஆமை மேலே வர முடியாமல் மூச்சு முட்டும், அதுவும் பயந்து அடித்துக்கொண்டால் வெகு சீக்கிரம். புலிச்சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் சரியாக ஓடும். வலை இறுக்கி நிறுத்திவிட்டால் தண்ணீருக்குள்ளேயே அதற்கும் மூச்சு நின்றுவிடும்.

முட்டையிடும்போது ஆமை அழுகிறதே, வலியா?

வலி என்று சொல்வதற்கில்லை, அது உப்பு. இதற்கான பதில் நம் அடுப்படியில் இருக்கிறது.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் வாழும் உயிருக்கு இரண்டு தொல்லை: வெளியே இருக்கும் உப்பு உடம்பிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், குடிப்பதும் தின்பதும் எல்லாம் உப்பு. சுறா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவை அது ரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்கிறது. உள்ளே யூரியா, வெளியே உப்பு. கணக்கு சரியாகிவிடும், தண்ணீர் உடம்பை விட்டு ஓடாது. அந்த யூரியாதான் சுறா செத்த பிறகு கிருமிகளால் அம்மோனியாவாக மாறும். சுறாக்கறி கொஞ்சம் தாமதித்தாலே மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். வெந்நீர் ஊற்றித் தோலைச் சுரண்டி, மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் கழுவுகிற நம் வீட்டுப் பெண்கள் காரணம் தெரியாமலேயே யூரியாவைத்தான் வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆமைக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் உப்புச் சுரப்பி இருக்கிறது. கடல்நீரைவிட உப்புக் கரிக்கும் நீராகத் திரட்டிக் கண் வழியே தள்ளிவிடும். கடலுக்குள் இருக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. மணலில் ஏறினால் கன்னத்தில் வழிவது தெரிகிறது, நாம் அழுகை என்கிறோம்.

சுறா முட்டை போடுமா, குட்டி போடுமா?

புலிச்சுறா குட்டி போடும். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டி அங்கேயே வளரும். ஒரு வருஷத்துக்கு மேல், பதினைந்து மாதம் போலச் சுமக்கும். ஒரு ஈட்டில் பத்திலிருந்து எண்பது வரை போட்டாலும் 30, 35 என்பதுதான் வழக்கம். பிறக்கும்போதே குட்டி அரை மீட்டருக்கு மேல் இருக்கும், உடம்பில் வரி பளிச்சென்று தெரியும். வளர வளர வரி மங்கிவிடும். பிறந்த நிமிடத்திலிருந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். தாய் திரும்பிப் பார்க்காது. அடுத்த ஈடு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான்.

பேராமை வேறு வழியில் போகிறது. ஒரு குழியில் நூறு, நூற்றுப்பத்து முட்டை. ஒரு பருவத்தில் மூன்று முதல் ஐந்து தடவை ஏறும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வருஷம் ஓய்வு. சுமார் இரண்டு மாதத்தில் பொரியும் குஞ்சு நம் உள்ளங்கைக்குள் அடங்கும். நண்டு, நாய், காக்கை, மீன் எல்லாவற்றுக்கும் தப்பிப் பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்துக்கு வர 25, 30 வருஷம் ஆகும். புலிச்சுறா பத்து வயதை ஒட்டிப் பருவத்துக்கு வந்துவிடும்.

என் கணக்கில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான விஷயம் இதுதான். குஞ்சுகளைக் கூடையில் கொண்டுபோய்க் கடலில் விடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது, போட்டோ எடுக்கிறோம்; நல்ல காரியம்தான். ஆனால் வலையில் ஒரு வளர்ந்த பெண் ஆமை போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர ஆயிரம் குஞ்சும் கால் நூற்றாண்டும் வேண்டும். சினைச்சுறாவைத் தூக்கினாலும் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே.

மணல் சூட்டை வைத்து ஆமை ஆணா பெண்ணா என்று முடிவாகும் என்கிறார்களே?

ஆமாம். குழிக்குள் சுமார் 29 டிகிரிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஆண், மேலே போனால் பெண். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டு வடபகுதியில் வளர்ந்துவரும் பேராமைகளில் நூற்றுக்கு 99 பெண் என்று 2018இல் வந்த ஆய்வு சொன்னது. சுறாவுக்கு நம்மைப் போலப் பிறப்பிலேயே முடிவாகிவிடும், வெயிலுக்கு அதில் வேலையில்லை.

எது பழைய இனம்?

சுறா. சுறாக் குலத்துக்கு 40 கோடி ஆண்டுக்கு மேல் வயது. கடலாமைக்கு 11, 12 கோடி.

நடுக்கடலில் வழி எப்படித் தெரிகிறது?

பேராமை பூமியின் காந்தப் புலத்தை உணரும். அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் என்று ஒரு சிறு தீவு. பிரேசில் கரையில் மேயும் பேராமைகள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி அங்கே முட்டையிடப் போய்த் திரும்புகின்றன. சுறாவுக்கு மூக்கு நுனியைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே பசை. இரையின் தசை அசைந்தாலே உண்டாகும் மின்சாரத்தை அவை பிடித்துவிடும். கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் அதற்கு வேட்டை நடக்கிறது என்றால் அதனால்தான்.

சுறா குறைந்தால் ஆமை பெருகும், நல்லதுதானே?

கேட்க நியாயமாகத் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே வளைகுடாவில் இதைப் பல ஆண்டு கவனித்தார்கள். அங்கே கடற்புல் காட்டின் நடுவில் புல் ருசி, ஆனால் சுறா வந்தால் தப்பிக்க வழியில்லை. ஓரத்தில் புல் சுமார், தப்பிப்பது எளிது. தெம்பான பேராமைகள் சுறா வரும் காலத்தில் ஓரத்திலேயே மேய்ந்தன. நோஞ்சான்கள்தான் பசி தாங்காமல் நடுவுக்குப் போயின. இப்படிச் சுறாவின் பயத்தாலேயே ஒரே இடத்துப் புல் மொட்டையாகாமல் இருந்தது.

நம் நாட்டிலேயே மறுபக்கமும் நடந்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தி காயலில் பேராமைகள் ஏராளமாகக் கூடிப் புல்லைச் சுரண்டியெடுத்துவிட்டன. புல் போனதும் அதில் குஞ்சு பொரித்து வளரும் மீனும் குறைந்தது. தங்கள் பிழைப்பைக் கெடுப்பது ஆமைதான் என்று அங்குள்ள மீனவர்கள் கோபப்பட்டார்கள். ஆமையைக் காப்பாற்றினால் மட்டும் போதும், சுறா எக்கேடு கெட்டால் என்ன என்ற பேச்சு அங்கே எடுபடாது.

உவரியில் குளிக்கலாமா? சுறா கடிக்காதா?

மனிதனைக் கடித்த சுறாக்களின் பட்டியலில் வெள்ளைச்சுறாவுக்கு அடுத்த இடம் புலிச்சுறாவுக்கு. ஆனாலும் உலகம் முழுக்கச் சேர்த்தே, நாம் சீண்டாமல் சுறா கடிப்பது ஆண்டுக்கு 60, 70 தடவைதான்; நம் கரையில் மிக அபூர்வம். இங்கே பயப்பட வேண்டியது அலைக்கும் நீரோட்டத்துக்கும். வானம் தெளிவாக இருக்கும்போதே எழும்பி வரும் கள்ளக்கடலுக்கு அறிவிப்பு வந்த நாளில் காலைக்கூட நனைக்காதீர்கள்.

சுறாப்புட்டுக்குப் புலிச்சுறா ஆகுமா?

ருசிக்குப் பால்சுறாதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தான் தேடி வாங்குவார்கள். புலிச்சுறா மாதிரி பெரிய வேட்டைக்கார மீனின் சதையில் காலம் காலமாகப் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆமைக்கறி?

வேண்டாம். ஒரு காலத்தில் தூத்துக்குடி வட்டாரத்தில் பேராமைக் கறி விற்றது, ரத்தத்தை மூலத்துக்கு மருந்தென்று குடித்தவர்களும் உண்டு. அழுங்காமைக் கறியில் நஞ்சிருந்து தென்கடற்கரையில் ஆட்கள் செத்ததும் உண்டு. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலாமைகள் 1977இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சுறாவில் திமிங்கிலச்சுறாவுக்கு 2001இலிருந்து அதே பாதுகாப்பு. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளும் கொடுமைக்கு 2013இல் தடை வந்தது, துடுப்பு ஏற்றுமதிக்கு 2015இல்.

உலக அளவில் பேராமைக்கு ஒரு நல்ல செய்தி. அழியும் நிலையில் உள்ளவை பட்டியலிலிருந்து 2025 அக்டோபரில் அதை இறக்கி, அவ்வளவு கவலையில்லாத வகைக்கு மாற்றிவிட்டார்கள். புலிச்சுறா இன்னும் ஆபத்தை நெருங்கியது என்ற நிலையில்தான். ஆனால் அதே 2025இன் தொடக்கத்தில்தான் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கு மேல் சித்தாமைகள் செத்து ஒதுங்கின. உலகக் கணக்கு ஒன்று, நம் கரையின் கணக்கு வேறு.

அதற்கு மீனவர்கள்தான் காரணமா?

பொத்தாம் பொதுவாக மீனவர் என்று சொல்வது நியாயமில்லை. ஆமைக்கு எமன், விசைப்படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் வலையான இழுவைமடி. ஆமை முட்டையிட வரும் மாதங்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிடும், விசைப்படகுத் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை வருவதற்குள் பருவம் முடிந்துபோகிறது. கரையோரம் இழுவைமடி வரக் கூடாது என்று விதி இருந்தும் வருகிறது என்பது நம் நாட்டுப்படகுக்காரர்களின் பழைய குறை, அவர்கள் வலையும் அதில்தான் அறுகிறது. மடியில் ஆமை வெளியேற ஒரு கம்பித் தட்டியும் திறப்பும் வைத்தால் ஆமை தப்பிக்கும். அது இல்லை என்று சொல்லித்தான் 2019இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது.

என் வலையில் ஆமை அசையாமல் வந்தால்?

செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளிவிடாதீர்கள், மூழ்கித்தான் போகும். பலதும் மயக்கத்தில் இருக்கும். மல்லாக்கப் போடாமல் வயிறு கீழே இருக்கும்படி கிடத்துங்கள். பின்பக்கத்தை ஒரு ஜாண் உயரத்துக்குத் தூக்கி அடியில் எதையாவது வையுங்கள். நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில் ஈரத்துணி போட்டு வைக்கலாம், மூக்கை மூடக் கூடாது. தெளிய சில மணி நேரமாகும், சிலது ஒரு நாள்கூட எடுக்கும். தெளிந்த பிறகு இன்ஜினை நியூட்ரலில் போட்டு, தலை முன்னால் போகும்படி மெதுவாக இறக்கிவிடுங்கள்.

பழுப்பு நிறத்தில் தோல் பை மாதிரி கரையில் கிடக்கிறதே, அது புலிச்சுறா முட்டையா?

இல்லை. புலிச்சுறா குட்டி போடும் என்று மேலே சொன்னேன். அது பாறை இடுக்கில் வாழும் சின்னச் சுறா வகைகளின் முட்டைக்கூடு. பெரும்பாலும் குஞ்சு வெளியேறிய வெறும் கூடாகத்தான் ஒதுங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே ஏதும் நெளிந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.